நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சு, அப்புறம்? வீட்டாருக்கு ஒட்டுண்ணி தொற்றாமல் காக்கும் வழிமுறை

நாயால் மனிதருக்கு என்ன நோய் வரும் என்று கேட்டால் பெரும்பாலோர் வெறிநோயைச் சொல்வார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். தடுப்பூசி அட்டையில் தேதி விழுந்துவிட்டால் கவலை விட்டது என்ற நினைப்பு. தடுப்பூசிக்கும் குடற்புழுவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எல்லா ஊசியும் போட்ட, முடி பளபளக்கும், தட்டில் மிச்சம் வைக்காமல் தின்னும் நாயின் குடலிலும் உருண்டைப்புழு இருக்கலாம். ஒரு பெண் புழு ஒரே நாளில் பல்லாயிரம் முட்டைகள் இடும். அவை மலத்தோடு வெளியேறும், கண்ணுக்குத் தெரியாது.

இதற்காக நாயை வாசலோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒட்டுண்ணிக்கும் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. முட்டை வெளியே வந்து எத்தனை நாளில் தொற்றும் நிலைக்கு வருகிறது, நாயின் உடலுக்குள் போன புழு எத்தனை நாளில் முட்டையிடத் தொடங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். எந்த வேலையை எப்போது செய்வது, எதை விட்டுவிடலாம் என்பது அதிலிருந்தே வந்துவிடும்.

எது எப்போது தொற்றும்

உருண்டைப்புழுவின் முட்டை மலத்தில் வெளிவந்த அன்று யாருக்கும் தொற்றாது. முட்டைக்குள் இளம்புழு வளர வேண்டும். சூடும் ஈரமும் உள்ள மண்ணில் அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், குளிரில் இன்னும் நாளாகும். ஒருமுறை வளர்ந்துவிட்டால் அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் இன்று காலை போன மலத்தைவிட, மழையில் கரைந்து அடையாளமே இல்லாமல் போன கடந்த மாதத்து மலம்தான் ஆபத்து. குழந்தை மண்ணள்ளி வாயில் வைக்கும் இடம், கழுவாமல் தின்னும் கீரை, தோட்ட வேலை முடித்துக் கழுவாத கை என்று இப்படித்தான் வயிற்றுக்குள் போகிறது.

கொக்கிப்புழு வேகமானது. முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் இளம்புழுவாகிவிடும். வாய்க்குள் போக வேண்டிய அவசியமில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றாலோ, மணலில் உட்கார்ந்தாலோ போதும். ஆனால் வெயிலில் காய்ந்த மண்ணில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது.

எக்கினோகாக்கஸ் என்னும் சின்ன நாடாப்புழுவும், ஜியார்டியா என்னும் ஓரணு உயிரியும் காத்திருப்பதே இல்லை. மலத்தோடு வெளியே வரும்போதே தொற்றும் நிலையில் வருகின்றன.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் உருண்டைப்புழு, கொக்கிப்புழு இரண்டுக்கும் வழி பெருமளவு அடைபடும். மற்ற இரண்டுக்கும் கை கழுவுவதும், நாய் எதைத் தின்கிறது என்று பார்ப்பதும்தான் காப்பு.

குட்டிக்குப் பூச்சி மருந்து

இந்த விஷயத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது குட்டியைத்தான். உருண்டைப்புழுவின் இளம்புழு தாயின் தசையில் உறங்கிக் கிடந்து, சினைக்காலத்தின் பிற்பகுதியில் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகிறது. கொக்கிப்புழு பால் வழியாகப் போகிறது. அதாவது குட்டி மண்ணை மிதிக்கும் முன்பே புழு உள்ளே இருக்கும். பிறந்து மூன்று வாரத்துக்குள் குட்டியின் மலத்தில் முட்டை வரத் தொடங்கும். கொக்கிப்புழு அதிகமிருந்தால், மலத்தில் ஒரு முட்டைகூடத் தெரியும் முன்னரே ரத்தசோகையில் குட்டி இறந்துபோகலாம். ஈறு வெளுத்திருந்தால், மலம் கருத்துப் பிசுபிசுத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே கால அட்டவணை இப்படி:

1. பிறந்த 2, 4, 6, 8 வாரங்களில் ஒவ்வொரு வேளை. முதல் வேளையை மூன்றாம் வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.
2. அதே நாள்களில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும்போது தாய் அந்த மலத்தைத் தானும் விழுங்குகிறது.
3. எட்டாம் வாரத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை, ஆறு மாதம் நிறையும்வரை.
4. அதற்குப் பிறகு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை.

நீங்கள் குட்டியை எட்டு வாரத்தில் வாங்குகிறீர்கள் என்றால் "பூச்சி மருந்து கொடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மருந்து, எந்தெந்தத் தேதி, அன்று குட்டியின் எடை என்ன என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் எதுவும் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, வந்த நாளில் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, பிறகு மாதாமாதம் என்று தொடங்குங்கள். வளர்ந்த நாயைத் தத்தெடுத்தாலும் முதல் இரண்டு வேளையும் இதேபோலத்தான்.

ஆண்டுக்கு நான்கு என்பது குறைந்தபட்சம். மாத்திரையின் வேலை அன்று குடலில் இருக்கும் புழுவைக் கொல்வதோடு முடிந்துவிடும், அடுத்த வாரம் புதிதாகத் தொற்றுவதை அது தடுக்காது. நாய் விழுங்கிய உருண்டைப்புழு முட்டை, முட்டையிடும் புழுவாக வளர நான்கு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். மாதம் ஒருமுறை கொடுத்தால் புழு முட்டையிடும் வயதுக்கே வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் இடையில் முட்டை வரும் நாள்கள் இருக்கும். வீட்டில் மண்ணைத் தின்னும் வயதில் குழந்தை இருந்தாலோ, புற்றுநோய் சிகிச்சையிலோ ஸ்டீராய்டிலோ உள்ளவர் இருந்தாலோ, எலியையும் செத்த பறவையையும் தின்னும் நாய் என்றாலோ மாதக்கணக்குதான் சரி.

சினை நாய்க்கு மாத்திரை கொடுத்தால் குட்டிகள் தப்பிக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சாதாரண மாத்திரை குடலில் உள்ள புழுவை மட்டுமே எட்டும், தசையில் உறங்கும் இளம்புழுவை எட்டாது. சினைக்காலத்தின் 40ஆம் நாள் தொடங்கி, ஈன்ற பிறகு 14ஆம் நாள்வரை தினமும் ஃபென்பெண்டசோல் என்னும் பூச்சி மருந்தைக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்துச் செய்ய வேண்டியது.

அளவில் நடக்கும் பிழைகள்

மருந்து "வேலை செய்யவில்லை" என்று சொல்லப்படும் இடங்களில் பாதி அளவுப் பிழைதான் என்று தோன்றும். முதல் பிழை எடையைக் கண்ணால் மதிப்பிடுவது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். குட்டிக்குச் சமையலறைத் தராசு போதும். போன மாத எடை இந்த மாதம் உதவாது, குட்டி அவ்வளவு வேகமாக வளரும்.

இரண்டாவது பிழை பைரான்டெல் மருந்தில் நடக்கிறது. நாய்க்கான வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மி.கி. பைரான்டெல். அதையே பைரான்டெல் பமோயேட் என்ற உப்பாகக் கணக்கிட்டால் 14.4 மி.கி. சில சீட்டுகளில் முதல் எண் இருக்கும், சிலவற்றில் இரண்டாவது. உப்பின் எடையை மருந்தின் எடை என்று எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஒன்றரைக் கிலோ குட்டிக்குத் தேவை 7.5 மி.கி. பைரான்டெல். புட்டியில் ஒரு மி.லி.க்கு 15 மி.கி. பைரான்டெல் என்று இருந்தால் அரை மி.லி. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

மூன்றாவது, ஃபென்பெண்டசோலை ஒரு நாளோடு நிறுத்துவது. இது கிலோவுக்கு 50 மி.கி. வீதம் தொடர்ந்து மூன்று நாள் உணவோடு கொடுக்க வேண்டியது. எட்டுக் கிலோ நாய்க்கு நாளுக்கு 400 மி.கி., மூன்று நாளும்.

நான்காவது, மருந்துக்கும் புழுவுக்கும் பொருத்தம் பார்க்காதது. பைரான்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் மட்டும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்கு, உருண்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. பத்துக் கிலோவுக்கு ஒன்று என்று வரும் கூட்டு மாத்திரையில் வழக்கமாகப் பிராசிகுவான்டெல் 50, பைரான்டெல் 50, ஃபெபன்டெல் 150 மி.கி. இருக்கும். பெயரை விட்டுவிட்டு இந்த உள்பொருள் வரியைப் படிக்கப் பழகுங்கள்.

மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசிமருந்தைக் கொஞ்சம் நாய்க்கும் போட்டுவிடுவது கடைசிப் பிழை, மோசமானதும் அதுதான். கோலி, ஷெட்லேண்ட் ஷீப்டாக் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு. அவற்றின் மூளைக்குள் இந்த மருந்து தடையில்லாமல் போய்விடும். தள்ளாட்டம், பார்வையிழப்பு, மயக்கம், சாவு வரை போகும். கலப்பின நாயிலும் இந்தக் குறை இருக்கலாம்.

மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் நூடுல்ஸ் போலப் புழு வந்தால் பதற வேண்டாம், வேலை நடந்திருக்கிறது. ஒன்றும் வராவிட்டாலும் வேலை நடந்திருக்கலாம். குறிப்பாக நாடாப்புழு குடலிலேயே கரைந்துவிடும். கொக்கிப்புழுவில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. குடல் காலியானதும் தசையில் உறங்கிய இளம்புழுக்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும், சில வாரத்தில் மறுபடி முட்டை தெரியும். மருந்து எதிர்ப்பும் உண்மைதான். அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்ட் நாய்களில் பல மருந்துக்கும் மசியாத கொக்கிப்புழு கண்டறியப்பட்டிருக்கிறது. எது காரணம் என்று பிரித்தறிய, மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் முட்டை எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலம் அள்ளுவது

பையைக் கையுறை போலக் கைக்கு மாட்டி, அள்ளி, உள்வெளியாகத் திருப்பி முடிந்து குப்பையில் போடுங்கள். வீட்டு முற்றமானாலும் தினம் ஒருமுறை. கொக்கிப்புழு ஐந்தாவது நாளில் தயாராகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பெருக்குவது போதாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவித் தள்ளுவதில் முட்டை பரவுகிறதே தவிரக் குறைவதில்லை. அள்ளிய பிறகு வேண்டுமானால் கழுவுங்கள். காய்கறித் தோட்டத்து உரக்குழியில் நாய் மலத்தைப் போடக் கூடாது, வீட்டு உரக்குழியின் சூடு எல்லா முட்டையையும் கொல்லும் என்று நம்ப முடியாது.

கிருமிநாசினியை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். உருண்டைப்புழு முட்டையின் ஓடு தடிமனானது, ஒட்டும் தன்மையும் உண்டு. ப்ளீச், ஃபினாயில், கையில் தடவும் ஆல்கஹால் ஜெல் எதையும் அது பொருட்படுத்தாது. சிமென்ட் தரையில் கொதிநீரோ நீராவியோ உதவும். கையில் சோப்பும் ஓடும் நீரும்தான் வழி. சோப்பு முட்டையைக் கொல்லாது, ஒட்டு விட்டுப்போகக் கழுவித் தள்ளும். நகத்தடியில் நகத்தூரிகை போட வேண்டும், குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். விளையாட்டு மணல்தொட்டிக்கு மூடி அவசியம்.

மலப் பரிசோதனை

ஆண்டுக்கு ஓரிரு முறை, குட்டிக்கு இன்னும் கூடுதலாக. ஒரு தேக்கரண்டி அளவு புது மலத்தை மூடியுள்ள டப்பாவில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, அன்றே கொடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியின் சாதாரண அறையில் 24 மணி நேரம் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. வெளியே வைத்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும், பரிசோதிப்பவருக்கு முட்டை கிடைக்காது. மண்ணில் கிடந்ததைச் சுரண்டி எடுத்தால் மண்ணில் வாழும் புழுக்களும் கூட வந்து குழப்பும்.

மையவிலக்கியில் சுழற்றி முட்டையை மிதக்கவைக்கும் முறை வெறுமனே மிதக்கவிடுவதைவிட நம்பகமானது. ஆய்வகத்தில் எதைச் செய்கிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. "புழு இல்லை" என்ற முடிவை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். புழு இன்னும் முட்டையிடும் வயதுக்கு வராதிருக்கலாம். நாடாப்புழு முட்டைகள் பெரும்பாலும் துண்டுகளுக்குள் அடைந்தே வரும் என்பதால் மலத்தில் தெரியாது. ஜியார்டியா விட்டுவிட்டு வெளியேறும், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி பார்த்தால்தான் ஓரளவு நிச்சயம். அது இருந்தாலும் உடனே அலற வேண்டாம், நாயில் காணப்படும் ஜியார்டியாவில் பெரும்பகுதி நாய்க்கே உரிய வகை.

ஈரல், நுரையீரல்

ஆடு, மாடு, பன்றியின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக இருக்கும் எக்கினோகாக்கஸ், அதைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழுவாகிறது. வளர்ந்த புழு சில மில்லிமீட்டர்தான். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி மெல்ல மெல்லப் பெருக்கும், தெரியவரப் பல ஆண்டுகள் ஆகலாம். இந்தப் பட்டியலில் மிகக் கடுமையான நோய் இதுதான். தடுப்பதோ மிக எளிது: உள்ளுறுப்புகளை நடுவில் இளஞ்சிவப்பு இல்லாமல் வேகவைத்துக் கொடுங்கள். அல்லது மைனஸ் 17 முதல் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது பத்து நாள் உறையவைத்துக் கொடுங்கள். உறையவைப்பது இறைச்சியில் உள்ள கட்டியைத்தான் கொல்லும். நாய் மலத்தில் வரும் முட்டை அந்தக் குளிரைத் தாங்கும்.

இறைச்சி வெட்டும் இடத்தருகே திரியும் நாய், மந்தையோடு போகும் நாய் என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 5 மி.கி. புழு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஆறு ஏழு வாரம் ஆவதால் இந்தக் கணக்கு. நாய்களுக்கு முறையாக மருந்து கொடுத்தும், பச்சை உள்ளுறுப்புகள் அவற்றுக்குக் கிடைக்காமல் தடுத்தும் நியூசிலாந்து இந்த நோயை ஒழித்தது.

தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறி

நாயின் ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது வேறொரு நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் வரும். குழந்தையும் தெள்ளுப்பூச்சியைத் தவறி விழுங்கினால் இதே புழு வரலாம். பெரிய தீங்கில்லை. ஆனால் தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் பிராசிகுவான்டெல் மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்பும். நாய் உடம்பில் தெரிவது சிறு பகுதி, மற்றதெல்லாம் முட்டையாகவும் கூட்டுப்புழுவாகவும் விரிப்பிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் மருந்து, வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் விரிப்புத் துவைப்பு, வாக்குவம் கிளீனர் என்று மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனை செத்துப்போகும்.

உண்ணியைத் தினம் தேடுங்கள்: காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, வாலடி, விரலிடுக்கு. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். மண்ணெண்ணெய், வாஸ்லின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அவை உண்ணியை எரிச்சலூட்டித் தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்க வைக்கலாம். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் ஆல்கஹாலில் போடுங்கள், உண்ணிக்காய்ச்சல் கிருமிகள் நசுக்கிய உண்ணியிலிருந்தும் பரவும். பழுப்பு நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ரத்தம் குடித்த பெண் உண்ணி உதிர்ந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு விரிசலை விட்டுவிட்டால் வேலை தீராது. மாதம் ஒருமுறை தரும் அஃபாக்சோலானர், பன்னிரண்டு வாரம் நிற்கும் ஃப்ளூரலானர் போன்ற மாத்திரைகள் தெள்ளு, உண்ணி இரண்டுக்கும் உதவும். வலிப்பு வந்த நாய் என்றால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் மூட்டில் முடி கொட்டி, நாய் ஓயாமல் சொறிந்தால் சொறிப்பூச்சி என்று சந்தேகிக்கலாம். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், பின்னங்கால் தானாகச் சொறியும் அசைவு செய்தால் சந்தேகம் வலுக்கும். தோல் சுரண்டல் பரிசோதனையில் பூச்சி அகப்படாமல் போவது சாதாரணம், அதனால் இல்லையென்று விட்டுவிட முடியாது. நாயை அணைத்தவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் தடிப்பு வரும். நாய்க்குச் சிகிச்சை நடந்தால் அது சில வாரத்தில் தானே அடங்கும். இன்னொரு வகைச் சொறியான டெமோடெக்ஸ் மனிதருக்குத் தொற்றாது.

கொசு வழியாகவும் நாய்ப்புழு ஒன்று மனிதர் தோலடியிலும் கண்ணிலும் முடிச்சாக வரலாம். மணல் ஈ உள்ள பகுதிகளில் அது பரப்பும் லீஷ்மேனியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி உண்டு. இரண்டுக்கும் பூச்சி விரட்டியும் வலையும்தான் காப்பு.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

வீட்டில் நாய் இருப்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நாயின் உருண்டைப்புழு மனிதர் குடலில் வளர்வதில்லை, இளம்புழுவாகவே ஈரல், நுரையீரல், கண் என்று அலையும். அதனால் குழந்தையின் மலத்தைப் பரிசோதித்தால் ஒன்றும் கிடைக்காது. ரத்தத்தில் ஈயோசினோபில் என்னும் வெள்ளையணு கூடியிருந்து, விடாத இருமலோ வயிற்றுவலியோ இருந்தால் டாக்ஸோகாரா (இந்த உருண்டைப்புழுவின் பெயர்) எதிர்ப்புப் புரதப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கினாலோ, மாறுகண் புதிதாகத் தெரிந்தாலோ, கண்மணி வெள்ளையாகப் பளிச்சிட்டாலோ தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு வேறு கடுமையான காரணங்களும் உண்டு.

காலிலோ புட்டத்திலோ சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீண்டால் அது கொக்கிப்புழுவின் தடம். அரிப்புக் களிம்பு தடவிக் காத்திருப்பதில் பயனில்லை, அல்பெண்டசோலோ ஐவர்மெக்டினோ மருத்துவர் தருவார். உண்ணி கடித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் கடித்த தேதியோடு சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டிய நோய்கள் அதில் உண்டு, பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

நாய்க்குக் கொடுக்கும் அன்றே வீட்டார் எல்லோரும் பூச்சி மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நாய் வளர்ப்பதற்காக மட்டும் அப்படிச் செய்யத் தேவையில்லை. நாயின் குறிப்பேட்டில் தேதி, எடை, மருந்தின் உள்பொருள், மி.கி. அளவு, அடுத்த தேதி என ஐந்தையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது அந்த ஏட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.